இளக்காரக் கஷாயம்

வால்ட்ராமின் மருந்து, அவர் யாரைத் துச்சமாக நினைத்தாரோ அவர்களை மட்டுமே குணப்படுத்தியது. ரைன் நதிக்கரையில் ஓட்டன்ரீட் மடத்துக்கு அவர் வைத்தியராக இருந்தபோது ரை மாவு விலை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இது மட்டும் மாறவில்லை. கஷாயத்தைக் காய்ச்சி, வடித்து, ஆறவிட்டு, மண்குவளையில் ஊற்றி நோயாளியின் முன்னால் வைப்பார். பிறகு அந்த ஆளை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்ப்பார். பார்வையில் இளக்காரம் இருந்தால், ஆறிப்போன கஷாயம் குவளைக்குள் தானாகக் கொதிக்கும். கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், ஆனால் குடித்தால் வாய் சுடாது. குடித்தவர் பிழைப்பார். கொதிக்காவிட்டால் அது வெறும் தழைத் தண்ணீர். ஆட்டுக்கு ஊற்றலாம்.

அவருக்கு முன் மடத்து வைத்தியராக இருந்த எங்கில்மார் தங்கமான மனிதர். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார், ஒவ்வொருவருக்காகவும் முழங்காலில் நின்று ஜெபிப்பார். அவர் காலத்தில் மடத்துக் கல்லறைக்கு இரண்டு முறை சுற்றுச்சுவரை இடித்துத் தள்ளிக் கட்ட வேண்டியிருந்தது. மூலிகைகளை வால்ட்ராமுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு வசந்த காலத்தில் எங்கில்மாரே காய்ச்சலில் விழுந்தார். வால்ட்ராம் சேஜ் இலையும் பெருஞ்சீரகமும் சேர்த்துக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார். குவளை அசையவில்லை. கிழவரின் முகத்தைப் பார்த்தார். அதில் இளக்காரம் பண்ண ஒன்றுமே கிடைக்கவில்லை. எங்கில்மார் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். தமக்கு வாய்த்த வரம் என்ன மாதிரியானது என்பது அன்று வால்ட்ராமுக்குப் புரிந்தது. இனி யாரையும் மதிப்பதில்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார். ஓட்டன்ரீட்டில் அது ஒன்றும் பெரிய தவம் இல்லை.

மடாதிபதி ஹார்ட்விக் ஒரு கோமானின் மூன்றாவது மகன். முதல் மகனுக்கு நிலம், இரண்டாமவனுக்கு வாள், மிச்சத்துக்கு மடம். இறைச்சி விலக்கான உபவாச காலத்தில் பீவர் என்ற ஆற்று விலங்கின் கறி தின்பார். தண்ணீரில் நீந்துவதால் அது மீன்தானாம். அவருக்குக் கீழே இருந்த சாமிகள் பாதிப்பேர் குளிருக்குப் பயந்து வந்தவர்கள், மீதிப்பேர் உழவுக்குப் பயந்து வந்தவர்கள். தோட்ட வேலைக்கு இருந்த டீட்மாரோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதன்மேல் சாய்ந்து தூங்கக் கற்றுக்கொண்ட கிழவர். ஊர் வம்பு அத்தனையும் அவர் காது வழியாகத்தான் மடத்துக்குள் நுழையும். இவர்களில் யாருக்கு வயிறு வலித்தாலும், பல் வீங்கினாலும், வால்ட்ராம் ஒரு பார்வை பார்த்தால் போதும், குவளை குதித்துக் குதித்துக் கொதித்தது.

வெளியூர்க்காரர்களும் வரத் தொடங்கினார்கள். மடத்து வெளிவாசலில் இருந்த சத்திரத்தில் வரிசையாக உட்கார்ந்து, தங்களுக்கு எப்போது ஏச்சு விழும் என்று காத்திருப்பார்கள். வயிற்று வலியோடு வந்த ஆலைக்காரனிடம், "ஊரான் மாவைத் திருடித் தின்னா வயிறு வலிக்காம பூவா பூக்கும்? இந்தா, குடிச்சுத் தொலை" என்றார். அவன் நன்றி சொல்லிக் குடித்துவிட்டு, போகிற வழியிலேயே சுகமாகி, மறுநாளே மறுபடி மாவு திருடினான். ஒரு கோமாட்டி தன் தலைவலிக்காக வந்து, தன்னிடம் ஏச ஒன்றும் இருக்காதே என்று கவலைப்பட்டாள். அந்தக் கவலை ஒன்றே போதுமானதாக இருந்தது. குவளை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. மனிதர்கள் மட்டமானவர்களாக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு என்று வால்ட்ராம் கண்டுகொண்டார். அவர் தோட்டத்துச் சதாப்பும் மாசிபத்திரியும் சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லாத அளவு செழித்தன.

ஹெம்மா கீழே கிராமத்தில் பியர் காய்ச்சி விற்றவள். இரண்டு புருஷர்களைப் புதைத்தவள், தோள் அகலம், குரல் அதைவிட அகலம். பியரில் போட மாசிபத்திரியும் சேஜும் வாங்குவதற்காகத் தோட்டத்து வேலிக்கு வருவாள். அந்த வேலியைத் தாண்டிப் பெண்கள் உள்ளே வரக்கூடாது. அவள் குரலுக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை.

"சாமியாரே, போன தடவை குடுத்த மாசிபத்திரியில சாணி நாத்தம்."

"சாணி நாத்தம் இலையில இல்ல. உன் கொப்பரையில."

"அந்தக் கொப்பரையை வழிச்சு நக்கிட்டுப் போற உங்க மடத்துச் சாமிகளைக் கேளுங்க, என்ன நாத்தம்னு சொல்லுவாங்க."

"அவனுங்களுக்கு நாக்கு ஏது? இருந்திருந்தா உன் பியரைக் குடிப்பானுங்களா?"

"உங்க கஷாயத்தைக் குடிக்கிறாங்களே, அப்போ எங்க போச்சு நாக்கு? அது வியாதியைக் கொல்லுறதில்ல சாமியாரே. உங்க வாய்க்குப் பயந்து வியாதி தானா ஓடுது."

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் வால்ட்ராம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஹெம்மாவிடம் மட்டும் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார். பதில் சொன்னதும் அவள் அதைவிட நல்லதாக ஒன்று சொல்வாளா என்று காத்திருப்பார். அதை அவர் வெறுப்பு என்றே நினைத்துக்கொண்டார். அவள் அவரிடம் ஒளித்துப் பேசியதில்லை. முதல் புருஷன் சாராயத்தில் போனதைச் சொன்னாள். இரண்டாமவனைப் பற்றி ஒருமுறை வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடிச்சான். அதைக்கூட மன்னிச்சிருப்பேன், நானும் திருப்பி அடிச்சிருக்கேன். அடிச்சிட்டு காலடியில விழுந்து மூக்கைச் சிந்தி அழுவான் பாருங்க, அன்னிக்கே அவன் என் மனசுல செத்துட்டான்." வால்ட்ராம் ஒரு கட்டு சேஜ் கூடுதலாகக் கொடுத்தார்.

அந்த வருஷம் மடாதிபதி ஹார்ட்விக், இனி இந்தப் பள்ளத்தாக்கில் மடத்தைத் தவிர யாரும் பியர் காய்ச்சக்கூடாது என்று உத்தரவு போட்டார். மடத்துப் பியர் குடிக்க லாயக்கில்லாமல் இருந்ததால், மற்ற பியர் இல்லாமல் போனால் இது நல்ல பியர் ஆகிவிடும் என்பது அவருடைய கணக்கு. மடத்து ஆட்கள் ஹெம்மாவின் செப்புக் கொப்பரையைத் தேடி வந்தார்கள், கிடைக்கவில்லை. அவள் அதை ஆலைக் குளத்தின் அடியில் சங்கிலி கட்டி இறக்கியிருந்தாள். காய்ச்சும் நாளில் மட்டும் மேலே இழுப்பாள். தேடி வந்த ஆட்களுக்கு அவளே அந்தக் கொப்பரையில் காய்ச்சிய பியரை ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். இதை வேலியருகே சொல்லிச் சிரித்தபோது வால்ட்ராமும் சிரித்தார். மண்வெட்டியில் சாய்ந்திருந்த டீட்மார் ஒரு கண்ணைத் திறந்து, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். அதற்கு முன் அந்தத் தோட்டத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

அறுவடை முடிந்து மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஹெம்மாவுக்கு மார்ச்சளிக் காய்ச்சல் கண்டது. குளத்துத் தண்ணீரில் இறங்கி இறங்கி வந்தது என்றார்கள். பியர் வண்டியில், காலிப் பீப்பாய்களுக்கு நடுவே படுக்கவைத்துச் சத்திரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஈரத் துணி கிழிகிற சத்தம். வால்ட்ராம் நெஞ்சுச் சளிக்கென்றே வளர்த்த வெண்மயிர்க் கசப்பிலையைத் தேனோடு சேர்த்துக் காய்ச்சி, சேஜும் போட்டு, ஆறவிட்டுக் கொண்டுவந்தார். குவளையை வைத்தார். அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"புளிச்ச பீப்பாய் மாதிரி கிடக்கிற" என்றார்.

குவளை அசையவில்லை. ஒரு ஈ வந்து விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டது.

அவர் இன்னும் இரண்டு சொன்னார், மூன்றாவதும் சொன்னார், எல்லாம் பழைய சரக்கு. ஹெம்மா தலையைத் திருப்பிக் குவளையைப் பார்த்தாள்.

"என்ன சாமியாரே, கொதிக்கலையே?"

"அடுப்புல சரியா வேகல."

"நான் பியர் காய்ச்சுறவ. எது எங்க கொதிக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வாசலில் நின்ற டீட்மாருக்கும் புரிந்தது. ஆகவே மாலைப் பிரார்த்தனைக்கு முன் மடம் முழுவதற்கும் புரிந்தது. ஹெம்மா வழக்கம்போல ஏதாவது சொல்வாள் என்று வால்ட்ராம் எதிர்பார்த்தார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மரியாதை அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

மடத்தில் அன்றைக்கு விருந்துச் சாப்பாடு சாப்பிட்டதுபோல எல்லோரும் மலர்ந்திருந்தார்கள். இத்தனை காலம் தங்களைப் புழுவாகப் பார்த்தவர் ஒரு சாராயக்காரியை மதிக்கிறார் என்பது அந்தப் புழுக்களுக்கு எவ்வளவு ஆறுதல்! மடாதிபதி உணவு மேசையிலேயே சிரித்து, பீவர் எலும்பு தொண்டையில் சிக்கி, வால்ட்ராமை வரவழைக்க வேண்டியதாயிற்று. அந்தக் குவளை வழக்கம்போல அருமையாகக் கொதித்தது.

ஹெம்மா தன்னாலான உதவியைச் செய்தாள். தன்னை வெறுக்க ஏதாவது கிடைத்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்று தான் செய்த தில்லுமுல்லுகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெரிய உபவாசத்தில் பியரில் தண்ணீர் கலந்திருக்கிறாள்; குடிகாரர்கள் வேலைக்குப் போகட்டும் என்றுதான். வரி வசூலிக்க வந்தவனுக்குத் தூங்கவைக்கும் விதையைக் கலந்து கொடுத்திருக்கிறாள். அவன் விழித்தபோது கழுதைமேல் அடுத்த கோமானின் எல்லையில் இருந்தான். புனிதர் ஒருவரின் விரல் எலும்பு என்று மடத்தில் வைத்து வணங்கியது பன்றியுடையது என்று தெரிந்தும், ஏழைகள் அழுதுகொண்டு முத்தமிடுவதைப் பார்த்துச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். கேட்கக் கேட்க வால்ட்ராமுக்கு அவள்மேல் மதிப்பு ஏறியது. கஷாயம் மேலும் குளிர்ந்தது. கடைசியில் குவளை விளிம்பில் வெள்ளையாகப் பனி பூத்தது. வெளியே இன்னும் ஆப்பிள்கூட உதிர்ந்து முடியவில்லை, பனிக்காலம் வர நாள் இருந்தது.

"போதும், நிறுத்து" என்றார் வால்ட்ராம்.

வெளியே வந்தபோது டீட்மார் மண்வெட்டியோடு நின்றார்.

"சாமி, ஒண்ணு சொன்னா ஏச மாட்டீங்களே?"

"ஏசுவேன். சொல்லு."

"பிஷப்போட தூதன் வயித்து வலியோட வந்தப்போ நீங்களே காய்ச்சல்ல கிடந்தீங்க. இளக்காரம் பண்ணத் தெம்பில்ல, கண்ணே திறக்கல. ஆனாலும் நீங்க முன்னாடியே காய்ச்சி வெச்சதை நான் ஊத்தி வெச்சதும் அவன் குவளை கொதிச்சுது. ஏன்னு யோசிச்சீங்களா? நீங்க குப்புறக் கிடந்து வாந்தி எடுக்கிறதைப் பார்த்து அவன் காறித் துப்பினான். இளக்காரம் ரெண்டு பேர்ல யாருக்கு இருந்தாலும் குவளைக்குப் போதும்போல."

வால்ட்ராம் அவரை ஏசவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக டீட்மார் ஓர் உருப்படியான வார்த்தை சொல்லியிருந்தார். அதை ஏற்றுக்கொள்வதே கஷாயத்தைவிடக் கசந்தது. ஹெம்மா அவரை இளக்காரமாகப் பார்க்க வேண்டும். வேலியருகே அவள் பேசிய பேச்செல்லாம் சமமானவர்களுக்குள் நடந்த சண்டை. அதில் இளக்காரம் துளியும் இருந்ததில்லை என்பது இப்போது அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. நடித்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். நிஜமாகவே ஒரு கேவலம் வேண்டும். தவிர, அது அவளுக்காகச் செய்யப்பட்டது என்று அவளுக்கு எந்நாளும் தெரியக்கூடாது. தெரிந்த அன்றே அவள் மன்னிப்பாள், மதிப்பாள், அடுத்த காய்ச்சலில் செத்துப்போவாள்.

அவர் நேராக மடாதிபதியிடம் போனார். கொப்பரை ஆலைக் குளத்தில் இருக்கிறது என்றார். அதற்குக் கூலியாக, மடாதிபதி போட்டிருப்பதைப் போல அணில்தோல் வைத்துத் தைத்த மேலங்கி ஒன்று வேண்டும் என்றார். ஹார்ட்விக் அவரை நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு காலம் தம்மை மட்டமாகப் பார்த்த கண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு வெண்ணெய் தின்றதுபோல இருந்தது. "நீயும் நம்மாள்தானா! இது தெரியாம இத்தனை வருஷம் உன்னைப் பெரிய மனுஷன்னு நினைச்சுட்டேனே" என்று தோளில் தட்டி, தம் பழைய அங்கியையே கழற்றிக் கொடுத்தார். கக்கத்தில் அந்துப்பூச்சி அரித்த அங்கி.

மறுநாள் மதியம் கொப்பரையைச் சத்திரத்தின் வழியாகத்தான் இழுத்துப் போனார்கள். கல் பாதையில் செம்பு உரசி அலறிய சத்தத்தில் ஹெம்மா கண் திறந்தாள். முழங்கையை ஊன்றி எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள். பிறகு கட்டிலருகே புதுக் கஷாயத்தோடு நின்றிருந்தவரையும் அவர் தோளில் கிடந்த அணில்தோலையும் பார்த்தாள்.

"யார் சொன்னது?"

"நான்தான்."

அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பக்கத்துக் கட்டிலில் வாதத்தில் கிடந்த வண்டிக்காரன் ஒருவன் அதைக் கேட்டு எழுந்து நின்றான் என்பது மட்டும் உண்மை. ஆனால் கஷாயம் கொதிக்கவில்லை. குவளை படீரென்று இரண்டாகப் பிளந்து, கஷாயம் வைக்கோலில் ஓடியது. கோபத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோபம் ஆளைச் சமமாக வைத்துத்தான் எரிக்கும். இளக்காரத்துக்கு ஆள் கீழே இருக்க வேண்டும். ஹெம்மா கண்ணில் தீ எரிய மூச்சிரைத்துக் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கோபமும் தீர்ந்தால் அவளிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று வால்ட்ராமுக்குத் தெரிந்தது.

அவர் இன்னொரு குவளையில் மீதியை ஊற்றி வைத்துவிட்டு, கட்டில் காலடியில் விழுந்தார்.

"நான் என்ன பண்ணட்டும் ஹெம்மா" என்று மூக்கை உறிஞ்சினார். "பெரியவர் கேட்டாரு, மறுக்க முடியுமா? குளிர்ல எனக்கு முட்டி விறைக்குது, வயசாவுதுல்ல... நீ எப்படியும் போகப்போறவ, உனக்குக் கொப்பரை எதுக்குன்னு நினைச்சுட்டேன். நான் ஆசைப்பட்டது ஒரு அங்கிதானே! என்மேல கோவிச்சுக்காத. நான் நல்லவன்னு உனக்குத் தெரியுமில்ல? தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிடு, என் மனசு ஆறட்டும்..."

கண்ணீர் தாடியில் வழிந்து அணில்தோலில் சொட்டியது. அழுகை நிஜம்; எதற்கு அழுகிறார் என்பது மட்டும்தான் பொய். அவள் காலைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலின் சூடு குறைந்துகொண்டே வருவதைக் கையில் உணர்ந்தபடி, மேலும் மேலும் புலம்பினார்.

ஹெம்மா வெகுநேரம் அவரையே பார்த்திருந்தாள். கண்ணில் எரிந்தது மெல்ல அணைந்தது. அந்த இடத்துக்கு வேறொன்று வந்தது. அவள் இரண்டாவது புருஷன் நன்றாக அறிந்திருந்த ஒன்று. உதட்டின் ஓரம் ஒரு பக்கமாக இழுபட்டது.

"சீ" என்றாள்.

ஒரே எழுத்து. குவளை தரையிலிருந்து ஒரு சாண் எழும்பிக் கொதித்தது.

"எடு அதை. உன்னை மாதிரி ஒருத்தன் காலடியில கிடந்து அழ நான் சாகணுமா? அந்த அளவுக்கு உனக்கு யோக்கியதை இல்ல" என்றாள். அதுவரை அவள் அவரை 'நீ' என்று சொன்னதே இல்லை. ஒரே மூச்சில் குடித்தாள், குவளையை அவர் பக்கம் பார்க்காமலே நீட்டினாள். மாலைக்குள் வியர்த்தது, அந்த வியர்வையில் சத்திரம் முழுக்க சேஜ் மணந்தது. மறுவாரம் அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். போகும்போது தோட்ட வேலி வழியாகத்தான் போக வேண்டும். போனாள். வால்ட்ராம் களை பிடுங்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அவள் தலையும் திரும்பவில்லை.

கொப்பரையை வைத்துக்கொண்டும் மடத்துப் பியர் தேறவில்லை. ஹெம்மா ஆற்றுக்கு அக்கரையில், ஹார்ட்விக்கின் உத்தரவு செல்லாத மண்ணில், புதுக் கொப்பரை அடித்துக் காய்ச்சினாள். கடையில் வந்து உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் பியரோடு சேர்த்து, அந்துப்பூச்சி அரித்த அங்கிக்காகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் காலைப் பிடித்து அழுத சாமியாரின் கதையையும் ஊற்றிக் கொடுத்தாள். கதை அவளையும் முந்திக்கொண்டு ஊர் ஊராக நடந்தது. தொலைதூரச் சந்தைகள்வரை போனது. வால்ட்ராமிடம் அதற்குப் பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது: அவர் யாரையும் மேலிருந்து கீழாகப் பார்ப்பதில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. நோயாளிகள் சத்திரத்துக்குள் வருவார்கள், வெயில் காலத்திலும் அணில்தோலைப் போர்த்திக்கொண்டு மருந்து அரைக்கும் கிழவரைப் பார்ப்பார்கள், கதை ஞாபகம் வரும், உதடு கோணும், குவளை கொதிக்கும். முன்பைவிட அதிகம் பேர் பிழைத்தார்கள். எல்லாரையும் இளக்காரம் பண்ண ஒரு வால்ட்ராமுக்குச் சில நேரம் சிரமமாக இருந்தது. ஒரு வால்ட்ராமை இளக்காரம் பண்ண எல்லாராலும் முடிந்தது. ஆலைக்காரன்கூட வந்து அவரைப் பார்த்துக் காறித் துப்பிச் சுகமானான். கல்லறைச் சுவரை மறுபடி தள்ளிக் கட்டும் வேலை வரவில்லை. அங்கியைக் கழற்றினால் என்ன என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் கழற்றவில்லை.

உண்மை தெரிந்தவர் டீட்மார் ஒருவர்தான். ஊர் வம்பு அத்தனையையும் காதில் வாங்கி வாயில் விட்டவர் இந்த ஒன்றை மட்டும் விழுங்கிக்கொண்டார். ஒரு பனிக்காலத்தில் அவருக்கு முழங்கால் வீங்கிக் காலை ஊன்ற முடியாமல் போயிற்று. வால்ட்ராம் செலரி விதைக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு கிழவர்களும் குவளையைப் பார்த்தார்கள். வால்ட்ராம் அவரைச் சோம்பேறி என்றார், வம்புக்காரன் என்றார். குரலில் ஒன்றும் ஏறவில்லை. டீட்மார் அணில்தோலைப் பார்த்து உதட்டைக் கோணி, "சீ" என்று சொல்லிப் பார்த்தார்.

கஷாயம் குளத்துத் தண்ணீர்போலக் கிடந்தது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் வால்ட்ராம்.

"எத்தனை தடவை சொன்னாலும் வராது சாமி" என்றார் டீட்மார். "விடுங்க."

அவர் ஒரு தடியை வெட்டி வைத்துக்கொண்டு சாகும்வரை நொண்டினார். இத்தனை பேரைக் குணமாக்குகிற மடத்தில் இருந்துகொண்டு இப்படி நொண்டுகிறாயே என்று யாராவது கேட்டால், மாடு உதைத்துவிட்டது என்பார்.